ஹூஸ்டனில் எட்வின் நீதிபதியாகப் பாடிய ஞாயிற்றுக்கிழமை

1999 ஏப்ரல் கடைசியில், ஒரே மாலையில் முடிவெடுத்து ஃப்ரீமான்டிலிருந்து ஹூஸ்டனுக்குப் போய் வந்தேன். ஓபரா கேட்க. என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். பொள்ளாச்சியில் பள்ளிக்கூடக் காலத்தில் நாலைந்து வருடம் பாட்டு வகுப்புக்குப் போனதோடு என் சங்கீதம் முடிந்தது. ஓபரா என்றால், டிவி விளம்பரத்தில் ஓர் அம்மாள் வாயைத் திறந்ததும் கண்ணாடி டம்ளர் உடையுமே, அவ்வளவுதான் தெரியும். ஹூஸ்டனுக்குக் குடிபோகும் தோழி ஒருத்தி, "அங்க பெரிய ஓபரா ஹவுஸ் இருக்காமே, நம்மள மாதிரி ஆளுங்க போனா ஏதாச்சும் புரியுமா?" என்று போன வாரம் கேட்டாள். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீண்டுவிட்டது. இதில் வரும் விலைகள் எல்லாம் அந்தக் காலத்து விலைகள்.

நான் போகக் காரணம் ஸ்டெல்லாக்கா. ஃப்ரீமான்டில் மௌரி அவென்யூவை ஒட்டிய எங்கள் அபார்ட்மென்டில் கீழ்வீடு அவர்களுடையது. நாகர்கோவில்காரர், நர்ஸ். அவருடைய கணவர் எட்வின் அண்ணா ஓபரா பாடகர். நான் குடிவந்த புதிதில் காலை வேளைகளில் கீழேயிருந்து அடித்தொண்டைச் சத்தம் கேட்கும். யாரோ சோபாவை நகர்த்துகிறார்கள் என்றுதான் முதல் வாரம் நினைத்தேன்.

அந்த வருடம் எட்வின் அண்ணா ஹூஸ்டனில் இருந்தார். பாடுவதற்காக இல்லை, பாடாமல் இருப்பதற்காக. பெரிய ஓபராக்களில் முக்கியப் பாடகர் ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆள் உண்டு. கவர் என்று பெயர். முழுப் பாத்திரத்தையும் மனப்பாடம் செய்து, ஒத்திகை பார்த்து, நிகழ்ச்சி நாட்களில் பேஜரை இடுப்பில் மாட்டிக்கொண்டு அரங்குக்குப் பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். பெரிய பாடகர் நலமாக இருந்தால் கவர் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். எட்வின் அண்ணா மூன்று வருடமாக இப்படிப் பல பாத்திரங்களுக்குக் காத்திருந்தவர். ஒரு முறைகூட அழைப்பு வந்ததில்லை. பெரிய பாடகர்களுக்கெல்லாம் இரும்புத் தொண்டை போல.

வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்தில் போன் அடித்தது. ஸ்டெல்லாக்கா.

"சுதா, நாளைக்கு என்கூட ஹூஸ்டன் வருவியா?"

"என்னாச்சுங்க்கா? அண்ணனுக்கு ஏதாச்சும்..."

"அவருக்கு ஒண்ணுமில்ல. மெயின் சிங்கருக்குத் தொண்டையில இன்ஃபெக்ஷன். ஞாயித்துக்கிழமை மேட்டினி அவரு பாடுறாரு. மெயின் ரோல்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "தனியா உக்காந்து கேக்க எனக்குத் தைரியம் இல்ல, கேட்டியா? அதுவுமில்லாம ஃப்ரீவேல எனக்குக் கை நடுங்கும், உனக்கே தெரியும்."

தெரியும். இரண்டு வருடம் முன்பு 880 நெடுஞ்சாலையில் ஒரு டிரக் இடித்ததிலிருந்து அவர் ஃப்ரீவேயில் ஏறுவதில்லை. நான் என் கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சரி என்றேன். கடைசி நேர டிக்கெட், ஆளுக்கு 412 டாலர். சான் ஹோசேயிலிருந்து டாலஸ், அங்கே விமானம் மாறி ஹூஸ்டன்.

சனிக்கிழமை நண்பகலுக்குக் கிளம்பினோம். டாலஸ் வரை ஒரு குறையுமில்லை. இறங்கும்போதே வானம் பச்சையும் கறுப்புமாக இருந்தது. டெக்ஸாஸ்காரர்களுக்கு அந்தப் பச்சை நிறத்தின் அர்த்தம் தெரியும், எங்களுக்குத் தெரியாது. விமான நிலையத்துக்குள் நடந்துகொண்டிருக்கும்போதே கூரைமேல் ஜல்லி கொட்டியது போல ஆலங்கட்டி விழுந்தது. பலகையில் ஊர்ப் பெயர்களுக்கு நேராக ஒவ்வொன்றாக ரத்து, ரத்து என்று வந்தது. ஹூஸ்டனும் ரத்து.

கவுண்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, நாளை மதியம் ஒரு மணி விமானத்தில் இரண்டு இடம் தருகிறேன் என்றார். நிகழ்ச்சி இரண்டு மணிக்கு. ஸ்டெல்லாக்கா அந்தப் பெண்ணிடம் ஒன்றும் வாதாடவில்லை. என் பக்கம் திரும்பி, "சுதா, டாலஸ்ல இருந்து ஹூஸ்டனுக்கு ரோடு இருக்குல்லா?" என்றார்.

ரோடு இருந்தது. இன்டர்ஸ்டேட் 45. நாங்கள் நின்ற இடத்திலிருந்து 255 மைல். வாடகைக் கார் கவுண்டரில் எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் அதே யோசனைதான். எங்களுக்குக் கிடைத்தது சின்ன வெள்ளைக் கார் ஒன்று, ஒரு நாளுக்கு 38 டாலர். அந்த மழையில் கிளம்ப எனக்குத் துணிச்சல் வரவில்லை. பக்கத்திலேயே ஒரு மோட்டலில் தங்கினோம். உரிமையாளர் குஜராத்காரர். எங்கள் நனைந்த கோலத்தைப் பார்த்ததும் ரிஜிஸ்டரைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் இஞ்சி டீ போட்டுக் கொடுத்தார். "டெக்ஸாஸ் மழை கோபக்காரத் தாத்தா மாதிரி, கத்திட்டுத் தூங்கிடும்," என்று இந்தியில் சொன்னார். எனக்குத் தெரிந்த இந்திக்கு அவ்வளவு புரிந்ததே பெரிது.

அவர் சொன்னது சரி. காலை ஆறு மணிக்குக் கிளம்பும்போது வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. டாலஸ் நகரத்தைத் தாண்டியதும் சாலை தெற்கே நேராக விழுகிறது. ஏப்ரலில் போகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்: இருபுறமும் புல்வெளி முழுக்க நீலப் பூக்கள். டெக்ஸாஸின் மாநிலப் பூ அது. மைல் கணக்கில் யாரோ நீலப் புடவையை விரித்துக் காயவைத்தது மாதிரி. கார்ஸிகானாவில் பெட்ரோலும் காபியும். அதன்பிறகு ஹன்ட்ஸ்வில் வரை பெரிதாக ஊரில்லை.

அந்தச் சாலையில்தான் ஸ்டெல்லாக்கா எட்வின் அண்ணாவின் கதையைச் சொன்னார். மூன்று வருடம் பழகியும் இவ்வளவு கோர்வையாக நான் கேட்டதில்லை.

எட்வின் அண்ணா 1990-ல் நியூ ஜெர்சிக்கு வந்தது வேதியியல் படிக்க. படித்து முடித்ததும் ஒரு பெயின்ட் கம்பெனி ஆய்வகத்தில் வேலை. சாயம் வெயிலில் எத்தனை நாளில் வெளுக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தேவாலயத்தில் பாடகர் குழுவில் நிற்பார். நாகர்கோவிலில் பழகிய வழக்கம். ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையில் குழுவை நடத்திய இத்தாலியப் பூர்வீக அம்மையார் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தியிருக்கிறார்.

"தப்பாப் பாடிட்டோம்னு நெனச்சு இவரு பின்னால ஒளிஞ்சிருக்காரு," என்றார் ஸ்டெல்லாக்கா. "அந்தம்மா ஒவ்வொருத்தரா தனியாப் பாடச் சொல்லி, இவரு முறை வந்ததும் பியானோவ மூடி வச்சிட்டாங்களாம். இந்தக் குரலை வச்சிக்கிட்டு நீ பெயின்ட் காயிறதப் பாத்துக்கிட்டு இருக்கியான்னு கேட்டாங்களாம்."

அந்த அம்மையார்தான் நூவர்க்கில் ஒரு குரல் ஆசிரியரிடம் அனுப்பி வைத்தவர். ஆய்வகம் முடிந்து ரயில் பிடித்துப் போய்ப் பாடம். ஆசிரியர் முதல் நாளே சொன்னதை அண்ணா அடிக்கடி சொல்வாராம். பாரிடோன் குரல் ஆண் குரல்களில் நடுவாந்தரம். உச்சத்துக்கும் அடிக்கும் இடையில் வாழ்வது. அது முப்பது வயதுக்கு மேல்தான் பழுக்கும், அதுவரை பொறுமையாக இருக்க முடியுமா? உச்சக் குரல்காரனுக்குக் காதலன் வேஷம், காதலி, கைதட்டல். பாரிடோனுக்கு அப்பா, அண்ணன், ராஜா, துரோகி. இத்தனை மனிதர்களையும் சுமக்க வேண்டும்.

1993-ல் கல்யாணம். ஆய்வக வேலையை விடலாம் என்றால், கிரீன் கார்டு அந்தக் கம்பெனி வழியாக ஓடிக்கொண்டிருந்தது. விட்டால் நாட்டை விட்டே போக வேண்டும். ஸ்டெல்லாக்கா வேலை பார்த்த மருத்துவமனை அவருக்குத் தனியாக அப்ளை பண்ணியது. இரண்டு வருடம் கழித்து அது வந்தது.

"என் கார்டுலதான் அவருக்கும் கார்டு. வந்த மறுவாரமே ரிசைன் பண்ணிட்டாரு. ஊர்ல மாமா போன் பண்ணி, ஸ்டெல்லா அவனுக்குப் பைத்தியமான்னு கேட்டாவ. ஆமா மாமா, எனக்கும்தான்னு சொல்லிட்டேன்."

வேலை கிடைத்தது எங்கள் ஃப்ரீமான்ட் இருக்கும் பே ஏரியாவில், ஒரு ஓபரா நிறுவனத்தின் கோரஸில். அதாவது கூட்டத்தில் ஒருவர். படைவீரன், மீனவன், விருந்தாளி. தனிப் பாத்திரத்துக்காக ஆடிஷன் மேல் ஆடிஷன். ஒரு ஊரில் தேர்வுக் குழுவில் இருந்தவர் எழுந்து வந்து கைகொடுத்து, குரல் அருமை, ஆனால் மேடையில் உங்களை யாருக்கு அப்பா என்று எங்கள் ரசிகர்கள் நம்புவார்கள் என்று கேட்டிருக்கிறார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லையாம், அதுதான் கொடுமை. அண்ணா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாப் பக்கத்துப் போன் பூத்திலிருந்து ஸ்டெல்லாக்காவுக்குப் போன் போட்டு, சாயங்காலம் என்ன சமையல் என்று மட்டும் கேட்டாராம்.

மேடிசன்வில் பக்கம் வரும்போது ஸ்டெல்லாக்கா ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். பிறகு சொன்னார்.

"ஜூன் ஒண்ணாந்தேதி அவரு வேலைக்குச் சேர்றாரு, சுதா. ஃப்ரீமான்ட்லதான். சிப் கம்பெனிக்கு கெமிக்கல் சப்ளை பண்ற இடம்."

நான் சாலையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன். "நீங்க கேட்டீங்களாக்கா?"

"நான் கேக்கல. அவரே சொன்னாரு. முப்பத்தஞ்சு வயசாச்சு, கவராவே காலம் போயிரும்போல, போதும்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. இப்போ பாரு, வேலையும் ஒத்துக்கிட்ட பெறகு பேஜர் அடிக்குது."

அதாவது இந்த ஞாயிற்றுக்கிழமைதான் எட்வின் அண்ணாவின் முதல் பெரிய பாத்திரம். அநேகமாகக் கடைசியும் அதுவே. அதன்பிறகு நான் மணிக்கு எழுபது மைலுக்குக் குறைக்கவே இல்லை.

ஹன்ட்ஸ்வில் தாண்டியதும் சாலையோர மரங்களுக்கு மேலே ஒரு பிரம்மாண்ட வெள்ளைச் சிலை நிற்கும். ஹூஸ்டன் நகரத்துக்குப் பெயர் தந்தவருடைய சிலை. படம் எடுக்க நல்ல இடம், வண்டி நிறுத்த வசதி உண்டு. நாங்கள் நிற்கவில்லை. பதினொன்றே காலுக்கு ஹூஸ்டன் நகர மையம். ஞாயிற்றுக்கிழமை தெருக்கள் காலி. ஓபரா அரங்குக்கு அடியிலேயே நிலத்தடி கார் நிறுத்தம் இருக்கிறது. கார் எந்த நிறத் தூணுக்குப் பக்கத்தில் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள், எல்லாத் திசையும் ஒரே மாதிரி இருக்கும்.

கலைஞர்கள் வாசல் பின்பக்கம். பெயர் சொன்னதும் காவலாளி உள்ளே போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் எட்வின் அண்ணா வந்தார். கழுத்தில் மஃப்ளர், பாதி மேக்கப், புருவம் மட்டும் நரைத்திருந்தது. பாடும் நாளில் அவர் பேசவே மாட்டார் என்று ஸ்டெல்லாக்கா என்னை எச்சரித்திருந்தார். ஸ்டெல்லாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை பேசினார்.

"சாப்பிட்டியா?"

அந்தக் காரிடார் முழுக்க அது கேட்டது. காவலாளி நிமிர்ந்து பார்த்தார்.

எங்களுக்கு முன்வரிசையில் இடம் தருவதாகச் சொன்னார்கள். ஸ்டெல்லாக்கா மறுத்துவிட்டார். தன் முகம் அவர் கண்ணில் படவே கூடாது என்றார். மேல் மாடத்தின் கடைசி வரிசையில் இரண்டு இருக்கை வாங்கினோம். அங்கிருந்து பார்த்தால் மேடை ஒரு தீப்பெட்டி அளவு. இரண்டாயிரத்துச் சொச்சம் இருக்கைகள், சிவப்பு மெத்தை, உச்சியில் நட்சத்திரங்கள் போலச் சின்ன விளக்குகள். என் பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க அமெரிக்க அம்மையார், மடியில் பைனாகுலர். வருடா வருடம் அதே இருக்கைக்குச் சந்தா கட்டுகிறவராம். எங்கே மைக் வைத்திருக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டேன். மைக்கே கிடையாது என்று சொல்லிச் சிரித்தார். நான் நம்பவில்லை.

விளக்கு மங்கியதும் கோட்டுப் போட்ட ஒருவர் மேடைக்கு வந்து அறிவித்தார். இன்னார் உடல்நலமின்மையால் பாடவில்லை. அவருக்குப் பதிலாக, என்று ஆரம்பித்து எட்வின் அண்ணாவின் பெயரில் தடுக்கி விழுந்து எழுந்தார். அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு. ஏமாற்றப் பெருமூச்சு. கீழே சிலர் எழுந்து போவதுகூடத் தெரிந்தது. என் பக்கத்து அம்மையார், "அடடா, அவருக்காகத்தானே வந்தேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஸ்டெல்லாக்காவுக்கு அது கேட்டிருக்கும்.

கதை எளிமையானதுதான். பாடுவது இத்தாலிய மொழி என்றாலும் மேடைக்கு மேலே ஆங்கில வரிகள் ஓடுவதால் யாருக்கும் புரியும். ஒரு பழைய ஊரின் நீதிபதி. கொலைக் குற்றத்துக்காகக் கூண்டில் வந்து நிற்பவன் அந்த நீதிபதி தன் கையால் சோறூட்டி வளர்த்த தம்பி. குற்றம் செய்தது உண்மை. தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

திரை விலகி, கறுப்பு அங்கியில் எட்வின் அண்ணா படியிறங்கி வந்து வாயைத் திறந்தார்.

இதை எப்படி எழுதுவதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தீப்பெட்டி அளவு மேடையில் விரல் உயர மனிதர். மேடைக்கு முன்னால் வாத்தியக் குழு உட்காரும் குழியில் அறுபது எழுபது வாத்தியங்கள். அவற்றையெல்லாம் தாண்டி அந்தக் குரல் என் காதுக்கு வரவில்லை. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மரக் கைப்பிடிக்கு வந்தது. விரல் நுனியில் உணர்ந்தேன். கத்தலே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிற ஒருவர் தொலைவில் நின்றுகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். மனித உடம்புக்குள் இப்படி ஒன்று இருக்க முடியுமா என்று பிரமித்துப்போனேன். கீழ்வீட்டில் சோபா நகர்த்திய சத்தம் இதுவா! முதல் அங்கம் முடிந்தபோது நல்ல கைதட்டல். ஸ்டெல்லாக்கா தட்டவில்லை. "கஷ்டமான இடம் ரெண்டாவது அங்கத்துலதான் இருக்கு," என்றார்.

இரண்டாவது அங்கத்தில் நீதிபதி தனியறையில் தீர்ப்பு எழுத உட்காருகிறான். நீண்ட தனிப்பாட்டு. நேற்று அவன் தலையைக் கோதிய கை இது, இன்று எதை எழுதப் போகிறாய் கையே, என்று தன் கையைப் பார்த்தே பாடுகிறான். குரல் படிப்படியாக ஏறி ஓர் உச்சத்துக்குப் போக வேண்டும். பாரிடோன் குரலின் கூரை அது. ஏறியது. ஏறி, அந்த உச்சியில், உடைந்தது.

துணி கிழிந்த மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒரு கணம் வெறும் காற்று. வாத்தியங்கள் மட்டும் நடந்துகொண்டிருந்தன. இரண்டாயிரம் பேரும் அசையவில்லை. ஸ்டெல்லாக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். மறுநாள் அங்கே நகத்தடம் இருந்தது. எட்வின் அண்ணா அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டு பாடினார். முகம் தெரியவில்லை, அவ்வளவு தூரம். தோள் மட்டும் அப்படியே நிமிர்ந்து இருந்தது.

"அந்த இடம் திரும்ப வரும், பாவம்," என்றார் பக்கத்து அம்மையார், மிக மெல்ல.

பாட்டுக்கு இரண்டு சரணம். இரண்டாவதிலும் அதே படிக்கட்டு, அதே கூரை. அரங்கில் பாதிப்பேருக்கு இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன், ஏனென்றால் யாரும் இருமக்கூட இல்லை. அந்த இடத்தைத் தவிர்க்க வழியுண்டாம். ஒரு படி கீழேயே நின்று முடித்துவிட்டால் பெரிய குற்றமில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஸ்டெல்லாக்கா கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. ஜெபம் என்று நினைத்தேன். அவர் பாட்டின் வரிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு மாதம் போனில் கேட்டுக் கேட்டு அவருக்கு அது முழுவதும் பாடம்.

குரல் ஏறியது. வாத்தியக் குழுவை நடத்துகிறவர் கையைத் தூக்கி வாத்தியங்களை அடக்கினார். எல்லோரும் முழக்கத்தை எதிர்பார்த்த இடத்தில் எட்வின் அண்ணா குரலைச் சிறிதாக்கினார். நூலளவுக்குச் சிறிதாக்கி, அந்த உச்சியை மெல்ல, ஒரு குழந்தை தூங்கும் அறையில் பேசுவது போலத் தொட்டார். அது நின்றது. அறுந்துவிடும், அறுந்துவிடும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க அது அங்கேயே நின்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, வெளிச்சம் போல விரிந்து, அரங்கம் முழுதையும் நிரப்பிவிட்டு, பிறகு தானாகவே இறங்கி அடங்கியது. மேடையில் நீதிபதி பேனாவை எடுத்தான்.

கைதட்டல் உடனே வரவில்லை. முதலில் ஒரு மௌனம், அதை இன்றும் என்னால் கேட்க முடிகிறது. அப்புறம் கீழேயிருந்து அலை மாதிரி எழும்பி மேலே வந்தது. பக்கத்து அம்மையார் எழுந்து நின்றிருந்தார், பைனாகுலர் தரையில் கிடந்தது. ஸ்டெல்லாக்காவின் அழுகையைப் பார்த்து, "உங்களுக்குத் தெரிந்தவரா?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரர்," என்று தமிழிலேயே சொன்னார் ஸ்டெல்லாக்கா. அந்த அம்மையாருக்கு அது எப்படியோ புரிந்து, அவரைக் கட்டிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு முடிந்தது. கலைஞர்கள் வாசலில் எட்வின் அண்ணா வெளியே வந்தபோது காதோரம் இன்னும் வெள்ளைப் பவுடர். நான் என்னென்னவோ சொல்ல நினைத்து, "அந்த ரெண்டாவது வாட்டி... எப்படிங்ண்ணா அந்தத் தைரியம்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் சிரித்தார். "தைரியமா? பயம் சுதா. சத்தமாப் போனா மறுபடி உடையும்னு தெரிஞ்சிருச்சு. மெதுவாப் போனா, உடைஞ்சாலும் ஜாஸ்தி பேருக்குக் கேக்காதுன்னு நெனச்சேன்."

"கடைசி வரிசைக்கு வந்துச்சு," என்றார் ஸ்டெல்லாக்கா.

அவர் நின்றுவிட்டார். "நீ மேலயா இருந்தே? மேல கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சு."

அண்ணா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. தோசைதான் வேண்டும் என்றார். ஹூஸ்டனில் ஞாயிற்றுக்கிழமை மாலை தோசைக்கு நம்பிப் போகக்கூடிய இடம் பேர்லேண்ட் மீனாட்சி கோயில். நகர மையத்திலிருந்து ஏறக்குறைய இருபது மைல். சமவெளியில் திடீரென்று கோபுரம் எழும்புவதைக் காரிலிருந்து பார்ப்பதே ஓர் அனுபவம். நான் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர்கள் இருவரும் கேன்டீன் வரிசையில் இடம் பிடித்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு அங்கிள் நட்பாகத் திரும்பினார். "ஊருக்குப் புதுசா? தம்பி எந்தக் கம்பெனி?"

எட்வின் அண்ணா இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கெமிஸ்ட்ரி என்று சொல்லி முடித்துவிடுவார். ஃப்ரீமான்டில் நானே கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கொஞ்சம் யோசித்து, "ஓபராவுல பாடுறேன் அங்கிள்," என்றார்.

"பேஷ், பேஷ். அது சரி, வேலை?"

அண்ணா வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லாக்கா முந்திக்கொண்டார். "அதான் அங்கிள் வேலை."

"அப்போ கிரீன் கார்டு?"

"அது எங்கிட்ட இருக்கு."

அங்கிள் இதை ஜீரணித்துக்கொண்டிருக்கும்போது எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். மேசைக்குத் தட்டைக் கொண்டுபோய் உட்கார்ந்ததும் ஸ்டெல்லாக்கா சாம்பாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஜூன்ல வேலையில சேருங்க. சொன்ன வாக்கு. ஆனா எங்கருந்தாவது பாடக் கூப்பிட்டா போனை எடுங்க."

அதிசயம் ஏதும் உடனே நடந்துவிடவில்லை. செவ்வாய்க்கிழமை பெரிய பாடகருக்குத் தொண்டை சரியாகிவிட்டது. அண்ணா பேஜரை மாட்டிக்கொண்டு மே கடைசி வரை காத்திருந்தார். ஜூனில் கெமிக்கல் கம்பெனியில் சேர்ந்தார். நியூ ஜெர்சியில் ஒரு சின்ன ஓபரா குழுவிலிருந்து ஆகஸ்டில் போன் வந்தது. அந்த ஞாயிறு அரங்கில் இருந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதே நீதிபதி வேஷம், இம்முறை மாற்று ஆளாக இல்லை. அவர் இரண்டாவது முறையாக ராஜினாமா செய்தார். 2001-க்குள் வருடம் முழுக்கப் பாட்டு என்று ஆகிவிட்டது. ராஜா, தகப்பன், துரோகி. பெரிய எழுத்தில் பெயர் போடும் புகழ் வரவில்லை; யாருக்கு அப்பா என்று நம்புவார்கள் என்ற கேள்வியை மட்டும் அப்புறம் யாரும் கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பட்டும் கோட்டும் அவசியமில்லை. நான் முந்தைய நாள் மழையில் நனைந்த சல்வாரில்தான் போனேன். ஏசி கடுமையாக இருக்கும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். கதையை முன்கூட்டியே ஒரு தடவை படித்துவிட்டால் மேலே ஓடும் வரிகளுக்கு அண்ணாந்து கழுத்து வலிக்காது. டாலஸ் வழியாகப் போவதென்றால், வசந்தகாலத்தில் ஒரு நாள் முன்னதாகவே கிளம்புங்கள். கார் ஓட்டத் தெரிந்த ஒருவர் கூட இருப்பது நல்லது.

டிக்கெட் வாங்கும்போது கீழே முன்வரிசை கிடைக்கவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். முன்வரிசையில் பாடகரின் முகம் தெரியும், வேர்வைகூடத் தெரியும். மேல் மாடத்தின் கடைசி வரிசைக்கு ஒன்றும் தெரியாது. அங்கே போய் உட்காருங்கள். ஒரு மனிதர் எந்தக் கருவியின் துணையும் இல்லாமல், வெறும் மூச்சை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் வர முடியும் என்பது அங்கேதான் தெரியும்.